எண்ணெய் ஊற்றக் கூடாத புத்தர்

என் அக்கா ஜுமைலாவின் வீட்டுக்காரர் ரஷீது மச்சானிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யார் கேட்டாலும், "ஆன்ட்டிக் கடையில" என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொள்வார். கொச்சி மட்டாஞ்சேரியில் அந்தப் பதில் போதும். யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் இரண்டு கடைக்கு ஒன்று ஆன்ட்டிக் கடைதான். வெள்ளைக்காரர்கள் வந்து பித்தளைக் குத்துவிளக்கையும் மரக் குதிரையையும் தடவித் தடவிப் பார்ப்பார்கள். இத்தனை பழைய சாமான் எங்கிருந்து வருகிறது, கேரளத்தில் அத்தனை பழைய வீடு ஏது என்று ஒருத்தரும் யோசிப்பதில்லை. புதிதாகச் செய்து பழையதாக்குகிறார்கள். அதற்கென்று ஆள் இருக்கிறது. அந்த ஆள்தான் எங்கள் மச்சான்.

அதில் கல் சிலை அவருடைய தனி ராஜ்ஜியம். மகாபலிபுரத்திலிருந்து புதுச் சிலைகள் லாரியில் வந்து இறங்கும். இடக்கொச்சியில் காயலை ஒட்டி, பாழாய்க் கிடக்கும் ஒரு இறால் வளர்ப்புக் குட்டையின் பக்கத்தில் மச்சானுக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு. அங்கே வைத்துச் சிலையின் காதையோ விரலையோ பார்த்துப் பார்த்து உடைப்பார். உடைந்த முனையை மணல் போட்டுத் தேய்த்து மழுங்கடிப்பார். துருப்பிடித்த ஆணியும் குடம்புளியும் போட்டுக் காய்ச்சிய கறுப்புத் தண்ணீரைப் பூசுவார். அதற்கு மேல் விளக்குக் கரி, இன்னும் எனக்குச் சொல்லாத என்னென்னவோ. கடைசியில் காயல் சேற்றில் புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்து தூங்குவார். ஒரு மழைக்காலம் கழித்துத் தோண்டி எடுத்தால், உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் கும்பிட்ட சாமி என்று நீங்களே சத்தியம் செய்வீர்கள்.

"வாங்குறவங்களுக்கு ஒரே ஒரு பத்தியம்தான்" என்பார். "காய்ஞ்ச துணியால துடைக்கலாம். வெளிச்செண்ணெய் மட்டும் படக் கூடாது. பட்டா என் பூச்சு கொஞ்சம் கொஞ்சமா கையோட வந்துடும்." வெளிச்செண்ணெய் என்றால் எங்கள் பக்கத்தில் தேங்காயெண்ணெய்.

இது ஏமாற்று வேலை இல்லையா என்று நான் எத்தனையோ தடவை வம்புக்கு இழுத்திருக்கிறேன். கொழுந்தியாளுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி? அவர் அசரவே மாட்டார். "நான் கல்லுக்குச் சாயம் போடுறேன். அதைப் பழசுன்னு சொல்லி விக்கிறது கடைக்காரன். பொய் அவன் கணக்கு." ராவுத்தர் வீட்டு ஆளுக்குச் சிலையோடு என்ன வேலை என்று பள்ளிவாசலில் சிலர் முணுமுணுத்தபோதும் அதே தோரணைதான். "செய்யுறது வேற ஆளு. நான் உடைக்கிறேன், அவ்வளவுதான்." அதற்கு மேல் அவர்களால் என்ன சொல்ல முடியும்?

இந்த மனிதருக்கு ஒரே ஒரு திமிர் உண்டு. தன் கண்ணை ஒரு பொருளும் ஏமாற்ற முடியாது என்கிற திமிர். எங்கள் மாமா மகள் கல்யாணத்தில், பெண்ணின் நெக்லஸைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "இது கவரிங்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். சொன்னது உண்மைதான் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் இன்றுவரை அந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. மீன்காரன் ஐஸ் மீனைப் புது மீன் என்று இவரிடம் மட்டும் விற்க மாட்டான். அந்தக் கண்ணை நம்பித்தான் எங்கள் அக்கா வீட்டு அடுப்பு எரிந்தது.

எங்கள் தெருவின் குடியிருப்போர் சங்கம் வருஷா வருஷம் ஒரு நாள் டூர் போகும். இந்தத் தடவை சங்கச் செயலாளர் பிச்சுமணி சார் பள்ளிக்கடவு என்று முடிவு செய்தார். ஆற்றங்கரையில் ஒரு பழைய ஊர். ஒரு காலத்தில் புத்த பிக்குகள் நிறையப் பேர் இருந்த இடம் என்று சொல்வார்கள். ஆற்றில் இறங்கும் பழைய கற்படிகள், பிக்குகளின் மடம் இருந்த மேடு, அரசமரத்தடியில் ஒரு சின்ன புத்தர் கோயில், பிறகு படகு, மதியம் கரிமீனும் கப்பைக்கிழங்கும். எங்கள் தெருப் பெண்களுக்குக் கடைசி இரண்டுமே போதும்.

மச்சான் இந்த மாதிரி டூருக்கெல்லாம் வருகிற ஆள் இல்லை. "நாள் பூரா சிலையோட கிடக்குறவனை லீவு நாள்லயும் சிலை பார்க்கக் கூப்பிடுறீங்களே" என்று முனகினார். அக்கா விடவில்லை. நீங்கள் வராவிட்டால் நானும் போகப் போவதில்லை, ஆனால் சமைக்கவும் மாட்டேன் என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார்.

பள்ளிக்கடவு நான் நினைத்ததைவிட அழகாக இருந்தது. ஆறு அகலமாக, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. படிகள் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தன. பிச்சுமணி சார் முன்னால் நடந்து பிக்குகள், கப்பல்கள், சீன வியாபாரிகள் என்று அளந்துகொண்டே போனார். மடம் இருந்த மேட்டில் இப்போது மரவள்ளிச் செடிதான் நின்றது. அதையும் போட்டோ எடுத்துக்கொண்டோம். மச்சான் எல்லாருக்கும் பின்னால், சாயா கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டு வந்தார்.

புத்தர் கோயில் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. நான்கு தூண், மேலே ஓடு, முன்னால் ஒரு கம்பிக் கதவு. உள்ளே இரண்டடி உயரத்தில் கறுப்பாகப் புத்தர் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். வலது காது மடல் இல்லை. இடது முழங்கால் சிதைந்திருந்தது. மடியில் இரண்டு கைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக விரிந்திருந்தன. கதவைத் திறந்து விட்ட பெண்ணின் பெயர் ஸுப்ரியா. என் வயதுதான் இருக்கும். மூன்று தலைமுறையாக இந்தக் கோயிலைத் திறந்து மூடுவது அவர்கள் குடும்பம்தான் என்றாள். ஊரில் எல்லா சாதிக்காரர்களும் இங்கே வருவார்களாம், காய்ச்சல் வந்த பிள்ளைகளைப் படியில் கிடத்தி எடுத்தால் சரியாகிவிடுமாம். நாங்கள் நிற்கும்போதே ஒரு தாய் கைக்குழந்தையைக் கொண்டுவந்து அந்தப் படியில் கிடத்தி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவள் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

நான் திரும்பி மச்சானைப் பார்த்தேன். அவர் புத்தரைப் பார்க்கவில்லை. தூணில் மாட்டியிருந்த ஒரு பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையாளத்தில் எழுதியிருந்தது: 'விக்ரகத்தில் எண்ணெய் ஊற்றக் கூடாது. காய்ந்த துணியால் மட்டும் துடைக்கவும்.' பிறகு மெதுவாகக் கம்பிக் கதவு வரைக்கும் போய்த் தலையைச் சாய்த்துப் புத்தரின் வலது காதைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நெஞ்சு வலியோ என்று எனக்குப் பகீரென்றது.

"என்ன மச்சான்? என்ன பண்ணுது?"

"அன்ஸியா" என்றார் தாழ்ந்த குரலில். "இந்தக் காதை உடைச்சது நான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவரை இழுத்துக்கொண்டு அரசமரத்தின் பின்பக்கம் போனேன். வேர்த்துக் கொட்டிக்கொண்டே சொன்னார். மூன்று வருஷம் முன்னால் கடை முதலாளி நிகில் ஒரு பழைய புத்தரைக் கொண்டுவந்து இடக்கொச்சிக் கொட்டகையில் இறக்கினான். யாரோ ஒரு வீட்டுச் சாமான், இதே மாதிரி ஒன்று வேண்டும், முடிந்ததும் அசலைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றான். அளவும் போட்டோவும் மகாபலிபுரம் போய், புதுச் சிலை வந்தது. ஒன்று கை தவறினால் இருக்கட்டும் என்று இரண்டாக வந்தது. அசலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மச்சான் இரண்டையும் அச்சு அசலாகப் பழையதாக்கினார். காது, முழங்கால், கழுத்துக் கீறல், எல்லாம்.

"அப்போ கோயில்ல இருக்கிறது நீங்க பண்ணினது. அசல்?"

"திருடு போயிருக்கு. வேற என்ன? ராத்திரியோட ராத்திரியா அசலைத் தூக்கிட்டு என்னோடதை வெச்சிருக்கானுங்க. என் கையால திருட்டுக்குத் துணை போயிருக்கேன் அன்ஸியா."

எனக்கு முதலில் வந்தது பயம்தான். புத்தர் மேல் பயம் இல்லை, போலீஸ் மேல். "வாயைத் திறக்காதீங்க. வாங்க, போய் கரிமீன் சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போகலாம். இத்தனை நாள் யாருக்கும் தெரியலை, இனிமேலும் தெரிய வேண்டாம்" என்றேன். நல்ல யோசனைதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவர் பார்வை கோயில் படியிலேயே இருந்தது. அந்தத் தாய் குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போகாம இங்க வந்திருந்தா? நான் ஆணியையும் புளியையும் காய்ச்சிப் பூசின கல்லு முன்னாடி புள்ளையைக் கிடத்துறா. அல்லா என்கிட்ட கேக்கமாட்டானா?"

எல்லாரும் படகுக்குப் போனார்கள். தலைசுற்றல் என்று பொய் சொல்லி நாங்கள் இருவரும் நின்றுவிட்டோம். அக்கா முறைத்துவிட்டுப் போனாள். ஸுப்ரியா கம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் அவள் முன்னால் போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, தன் கொச்சி மலையாளத்தில் எல்லாவற்றையும் கொட்டினார். ஒன்றையும் மறைக்கவில்லை. "போலீஸைக் கூப்பிடுங்க சேச்சி. நான் எங்கயும் ஓடமாட்டேன்" என்று முடித்தார். அக்காவிடம் என்ன பதில் சொல்வது என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

ஸுப்ரியா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், சிரித்துவிட்டாள்.

"எண்டெ இக்கா!" என்றாள், ஐயோ அண்ணா என்கிற மாதிரி. "திருட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. செய்யச் சொன்னதே நாங்கதான்."

அக்கரைக் கோயிலில் ஒரு விக்ரகம் களவு போன பிறகு இவர்களுக்குப் பயம் பிடித்துவிட்டதாம். அவளும் கமிட்டிக்காரர் இரண்டு பேரும் மட்டும் கூடிப் பேசி, வீட்டுச் சாமான் என்று சொல்லிப் புத்தரைக் கொச்சிக்குக் கொண்டுபோய் நகல் செய்துகொண்டார்கள். ஊருக்குச் சிலை சுத்தம் செய்யப் போயிருக்கிறது என்று சொன்னார்கள். நகல் கோயிலில். அசல் அவள் வீட்டில், நெல் வைக்கும் பழைய அறையில். மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. "இப்ப நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து அஞ்சு. தயவுசெஞ்சு வெளியே விடாதீங்க" என்றாள்.

அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது. நான் வாய்விட்டே சிரித்தேன். இவ்வளவு நேரம் ஜெயில் வாசலில் நின்றவர் மச்சான், அவரும் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"சேச்சி, அதை நான் ஒரு தடவை பார்க்கலாமா?"

செய்தவர் கேட்கும்போது மறுக்க அவளுக்கு மனம் வரவில்லை. வீடு பக்கத்திலேயே இருந்தது. போகும்போது அவளே பேசிக்கொண்டு வந்தாள். கோயிலில் எண்ணெய் கூடாது என்று கடையில் சொன்னதால் பலகை மாட்டிவிட்டார்கள். ஆனால் அசலுக்கு வழக்கத்தை விட முடியுமா? தினமும் விடியக்காலையில் குளித்துவிட்டு வந்து, யாருக்கும் தெரியாமல், தலையிலிருந்து கால் வரைக்கும் வெளிச்செண்ணெய் தேய்க்கிறாளாம். அவள் புருஷன்கூட அரிசி மூட்டையைப் பார்க்கப் போகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

"உங்ககிட்ட ஒன்று சொல்லட்டுமா இக்கா?" என்றாள் பூட்டைத் திறந்துகொண்டே. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இந்த வருஷம் அவருக்கு வெளிச்சம் வந்துகொண்டிருக்கு. கறுப்பாக இருந்தவர் முகம் வெளுக்குது. முதல்ல நெற்றி. இப்ப கன்னம். நான் பார்த்துப் பார்த்து அழுதிருக்கேன். கமிட்டிக்காரங்களும் வந்து கும்பிட்டுட்டுப் போனாங்க."

அறை இருட்டாக இருந்தது. அவள் விளக்கைப் போட்டாள். நெல் பத்தாயத்தின் பக்கத்தில், பட்டுத்துணி விரித்த பலகை மேல் புத்தர் உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னது உண்மை. நெற்றியும் மூக்கும் கன்னமும் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருந்தன. கழுத்துக்குக் கீழே இன்னும் கறுப்பு.

நான் ஒரு கணம் நிஜமாகவே சிலிர்த்துப் போனேன். அடுத்த கணம்தான் மச்சான் வாயிலிருந்து நூறு தடவை கேட்ட அந்தப் பத்தியம் மண்டையில் உறைத்தது. அவரைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

மச்சான் குனிந்து புத்தரின் தோளில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். கறுப்பு ஒட்டியிருந்தது.

பின்னாலிருந்து அவர் முழங்கையை நன்றாகக் கிள்ளினேன். சொல்லாதீர்கள் என்று அர்த்தம். அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த யாராக இருந்தாலும் கிள்ளியிருப்பார்கள். சும்மா ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்திருக்கலாம், யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் என் மச்சான் கல்யாண வீட்டில்கூட வாயை அடக்காத மனிதர்.

"சேச்சி" என்றார். "இதுவும் நான் பண்ணினதுதான்."

அவளுக்குப் புரியவில்லை. திரும்பவும் சொன்னார். வெளிச்சம் வரவில்லை, பூச்சு உரிகிறது, உள்ளே தெரிவது மகாபலிபுரத்துப் புதுக்கல் என்று சொன்னார். அந்த வருஷம் விருச்சிக மாதத்தில், நம் கார்த்திகையில், வேலியேற்றம், அதுதான் காயல் பொங்கி ஊருக்குள் ஏறும் வெள்ளம், கொட்டகைக்குள் புகுந்துவிட்டது. மூன்று சிலைகளும் சேற்றில் உருண்டு கிடந்தன. அசலின் அடியில் சாக்பீஸால் போட்டிருந்த அடையாளம் கரைந்து போய்விட்டது. மூன்றையும் கழுவி வரிசையாக நிறுத்தினார்கள். எது அசல் என்று நிகில் கேட்டான்.

"நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. என் கண்ணுக்குத் தெரியாதான்னு சொல்லி, இதைத் தொட்டுக் காட்டினேன்."

நானும் அதிர்ந்துதான் போனேன். திருடன் என்று ஒருவன் இருந்திருந்தால் அவனைத் திட்டியாவது மனசு ஆறியிருக்கும். இங்கே யாரையும் திட்ட வழி இல்லை. நாற்பது வருஷம் ஊரை ஏமாற்றிய வேலை, அதைச் செய்தவரையே ஏமாற்றிவிட்டது.

ஸுப்ரியா கத்தவில்லை. பத்தாயத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். பட்டுத்துணியையும், எண்ணெய்க் கிண்ணத்தையும், அந்த வெளுத்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ ரெண்டு வருஷமா நான் யாரைக் கும்பிட்டேன்?" என்றாள்.

ஆற்றில் எங்கள் படகு திரும்பி வரும் சத்தமும், அக்கா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும் கேட்டது.

வீட்டில் இருப்பதும் கோயிலில் இருப்பதும் மச்சான் பண்ணினது என்றால், அசல் மூன்றாவது சிலைதான். அது எங்கே போனது என்பது அவருக்குத் தெரியும். கை தவறினால் இருக்கட்டும் என்று செய்த உபரிச் சிலை என்று நினைத்து அதை நிகில் காக்கநாட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்களுக்கு விற்றிருந்தான். மறுநாள் நான் பிராட்வே கடைத்தெருவில் வேலை பார்க்கும் துணிக்கடைக்கு லீவு சொன்னேன். ஸுப்ரியா முதல் பஸ்ஸில் வந்து வைற்றிலா பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் எண்ணெய்ப் புட்டி. கண் வீங்கியிருந்தது. ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு போனோம்.

குடியிருப்பின் வாசலில் இருந்த செக்யூரிட்டியிடம், கடையிலிருந்து சிலையைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று மச்சான் சொன்னார். அவர் கையைக் காட்டினார். நுழைந்ததுமே, புல்தரையின் நடுவில் நீல டைல்ஸ் போட்ட ஒரு தொட்டி. அதற்குள் புத்தர் உட்கார்ந்திருந்தார். மடியில் விரித்து வைத்த உள்ளங்கையின் நடுவிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு எழும்பி, நெஞ்சிலும் முகத்திலும் சிதறி விழுந்துகொண்டிருந்தது. தோளில் பாசி பிடித்திருந்தது. யாரோ ஒரு பிள்ளையின் பிளாஸ்டிக் வாத்து தொட்டியில் மிதந்தது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் புத்தரை அறியேன், எங்களுக்குச் சிலை கும்பிடும் வழக்கமும் இல்லை. ஆனாலும் ஒரு ஊர் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் கிடத்திக் கும்பிட்டவரை இப்படி உட்கார வைத்துப் பார்க்க முடியவில்லை.

ஸுப்ரியா செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினாள். செக்யூரிட்டி ஓடி வந்தார், நான் குறுக்கே நின்றேன். அவள் நனைந்துகொண்டே புத்தரின் தலையைத் தொட்டாள், கழுத்தை, முதுகை, சிதைந்த முழங்காலைத் தொட்டாள். கண்ணை மூடிக்கொண்டு திரும்பவும் முதலிலிருந்து தொட்டுப் பார்த்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். முகம் முழுக்கத் தண்ணீர்.

"எனக்குத் தெரியலை இக்கா" என்றாள். "எத்தனையோ வருஷம் இந்தக் கையால எண்ணெய் தேய்ச்சிருக்கேன். எனக்கே தெரியலை. வீட்டுல இருக்கிறது என் கையை ஏமாத்திடுச்சு. இனி இதை எப்படி நம்புவேன்? இதுதான் அவர்னு உங்களுக்கு என்ன நிச்சயம்? உங்க கண்ணை நம்பச் சொல்லாதீங்க."

மச்சான் தொட்டியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். அவர் பார்வை அந்த உள்ளங்கையில், தண்ணீர் கிளம்பும் இடத்தில் இருந்தது.

"கண்ணை நம்ப வேண்டாம் சேச்சி" என்றார். "ஃபவுண்டனுக்கு வேணும்னாங்க. பைப் விடுறதுக்கு அந்த ஓட்டையைப் போட்டது நான்தான். மகாபலிபுரத்துக் கல்லுல எத்தனையோ தடவை டிரில் போட்டிருக்கேன், ஒரே டிரில் பிட்டுல முடிஞ்சுடும். இது வேற கல்லு, உள்ளே விடவே இல்லை. ஒண்ணு மாத்தி ஒண்ணா பிட்டு உடைஞ்சுது. சனியன் பிடிச்ச கல்லுன்னு திட்டிக்கிட்டே, மல்லாக்கப் போட்டு, ஆடாம இருக்கணும்னு நெஞ்சு மேல காலை வெச்சு மிதிச்சுக்கிட்டு, ஒரு நாள் பூரா துளைச்சேன்."

ஸுப்ரியா அந்த ஓட்டையின் மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தாள். தண்ணீர் அவள் விரலிடுக்கு வழியாகப் பீறிட்டது. மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள், மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள் என்று அவள் கத்த ஆரம்பித்தாள்.